நடக்கும்போது கை வீங்குவது ஏன்?

மாலையில் வெயில் சற்றுத் தணிந்ததும், தோட்டத்துச் செம்மண் சாலையில் இருவர் மூவராகக் கைவீசி நடந்து செல்வோரை இன்று பல இடங்களிலும் காண்கிறோம். அவர்களுள் பலர் பொழுதுபோக்கிற்காக நடப்பவர்கள் அல்லர். மருத்துவர் சொல்லி நடப்பவர்கள். மலேசிய சுகாதார அமைச்சு 2019-ஆம் ஆண்டில் நடத்திய நாடளாவிய ஆய்வில், 18 வயதும் அதற்கு மேலும் ஆனோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர். அவர்களுள் பாதிப்பேர் தங்களுக்கு அந்நோய் இருப்பதையே அதுவரை அறியாதிருந்தனர். மருந்தோடு நடையும் சேர்ந்தால்தான் இந்நோய் கட்டுக்குள் நிற்கும் என்பது யாவரும் அறிந்த செய்தி.

இப்படி நடக்கத் தொடங்கிய ஓர் அம்மையாரை எடுத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தைந்து. பல்லாண்டுக் காலம் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அரைமணி நேரம் நடந்து திரும்பும்போது விரல்கள் தடித்து, தோல் இழுத்துக்கொண்டு, முட்டி மடக்க முடியாமற் போயிற்று. கல்யாண மோதிரம் சதைக்குள் அமிழ்ந்துவிட்டது. பார்த்த அண்டை வீட்டுக்காரர் சொன்னார்: “அக்கா, இது நீர் கோத்த கை. சிறுநீரகம் கெட்டால்தான் இப்படி வீங்கும். இனி நடக்காதீர்கள், தண்ணீரையும் குறைத்துக்கொள்ளுங்கள்.”

அன்போடு சொன்ன அறிவுரைதான். ஆயினும் அதில் அடங்கிய மூன்று செய்திகளுமே இந்த அம்மையாருக்குப் பொருந்தாதவை. அவர் நடையை நிறுத்தினால் சர்க்கரை ஏறும். தண்ணீரைக் குறைத்தால் நம் நாட்டு வெப்பத்தில் மயக்கம் வரும். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்ற அச்சமோ இரவில் உறக்கத்தைக் கெடுக்கும். நடந்தபோது இரு கைகளும் ஒரே அளவில் வீங்கி, ஓய்வெடுத்த ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் தானே வடிந்துவிடுமானால், அது பெரும்பாலும் நோய் அன்று. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வேலையின் ஒரு பக்க விளைவு அது.

கைக்குள் நடப்பது என்ன?

ஓய்வாக அமர்ந்திருக்கும்போது நம் இருதயம் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. விரைந்து நடக்கும்போது இந்த அளவு இரு மடங்காகவும் அதற்கு மேலும் உயர்கிறது. கூடுதலான இரத்தத்தில் பெரும்பகுதி, உழைக்கின்ற தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் செல்கிறது. தொடக்கத்தில் கைகளுக்குச் செல்லும் இரத்தம் சற்றுக் குறைவதும் உண்டு. ஆனால் பத்துப் பதினைந்து நிமிடம் கழிந்ததும் நிலைமை மாறுகிறது. உழைக்கும் தசை வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பம் உடலை விட்டு வெளியேறியாக வேண்டும்.

லோரியின் முன்புறத்தில் ரேடியேட்டர் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். இயந்திரத்தின் சூட்டை ஏற்றுக்கொண்ட நீர் அங்கே மெல்லிய குழாய்களில் ஓடி, காற்றில் சூட்டை இறக்கிவிட்டுத் திரும்புகிறது. நம் உடலுக்குத் தோலே ரேடியேட்டர். சூடு மிகும்போது தோலிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் அகன்று விரிகின்றன. கடும் வெப்பத்தில் தோலுக்கு மட்டும் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் வரை இரத்தம் பாயக்கூடும். உள்ளங்கையிலும் விரல்களிலும் இத்தகைய குழாய்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. ஆகவே கை சிவந்து, சூடேறி, பருக்கிறது.

குழாய்கள் விரிந்தால் மட்டும் வீக்கம் வந்துவிடுமா? வராது. பால்மரம் வெட்டுவோருக்கு இதை விளக்குவது எளிது. மரத்தை ஏன் விடியுமுன் வெட்டுகிறோம்? அந்த நேரத்தில் மரத்தின் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கிறது. கோடு கிழித்தவுடன் பால் பெருகி மங்கில் வடிகிறது. வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கின்றன. அழுத்தம் குறைந்து, பாலும் குறைகிறது. நீர்ப்பொருள் எதுவாயினும் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குத்தான் செல்லும். கையிலும் அதுவே நிகழ்கிறது. மயிரிழையினும் மெல்லிய இரத்தக் குழாய்களில் அழுத்தம் உயரும்போது, இரத்தத்திலுள்ள நீரில் ஒரு பகுதி குழாயின் சுவரைக் கடந்து, சுற்றியுள்ள சதையில் கசிந்து நிற்கிறது. மரத்தில் வெட்டுக்காயம் வேண்டும். இங்கே அதுவும் வேண்டியதில்லை. விரலின் தடிப்பு அந்தக் கசிந்த நீர்தான்.

கசிந்த நீரைத் திரும்ப எடுத்துச் செல்லவும் வழி உண்டு. ஒரு பகுதி மீண்டும் இரத்தக் குழாய்க்குள் நுழைகிறது. எஞ்சியதை நிணநீர்க் குழாய்கள் வாரிக்கொண்டு போகின்றன. ஓய்வெடுத்ததும் வீக்கம் வடிவது இவ்வழியில்தான்.

காலிலும் இரத்தம் இறங்கத்தானே செய்கிறது, கால் ஏன் நடக்கும்போது கையளவு வீங்குவதில்லை என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. நடக்கும்போது கெண்டைக்காலின் தசை ஒவ்வோர் அடிக்கும் இறுகித் தளர்கிறது. அவ்வாறு இறுகும்போது உள்ளே தேங்கிய இரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. கை அப்படியன்று. நடக்கும்போது அது வெறுமனே தொங்கிக்கொண்டு ஊசலாடுகிறது. இரத்தம் இறங்குவதற்குத் தடையில்லை, ஏறுவதற்கு உதவியில்லை. போதாக்குறைக்கு, கையை நீட்டி வீசும்போது ஏற்படும் சுழற்சி விசையும் நீரை விரல் நுனியை நோக்கியே தள்ளுகிறது. நீர் நிரம்பிய வாளியைச் சுழற்றினால் நீர் சிந்தாமல் அடியோடு ஒட்டிக்கொள்வதைச் சிறுவயதில் விளையாடிப் பார்க்காதவர் யார்?

மரம் வெட்டும்போது இவ்வளவு வீக்கம் தெரிவதில்லை என்பதையும் இங்கே நினைவுகூரலாம். அப்போது கை உளியை இறுகப் பிடிக்கிறது, விடுகிறது, மங்கைத் துடைக்கிறது, உயர்கிறது, தாழ்கிறது. வேலை செய்யும் கையில் இரத்தம் தேங்குவதில்லை. வெட்டி முடித்து, வெறுங்கையோடு நெடுந்தூரம் நடந்து வீடு திரும்பும்போதுதான் விரல் தடிப்பது தெரியும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நாற்காலியில் அமர்ந்து, வலக்கையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடியுங்கள், இடக்கையைத் தொங்கவிடுங்கள். ஒரு நிமிடம் சென்றபின் இரண்டையும் ஒன்றாக நீட்டிப் பாருங்கள். உயர்த்திய கை வெளுத்திருக்கும். தொங்கிய கை சிவந்திருக்கும். புறங்கையில் ‘நரம்பு’ புடைத்திருக்கும். நரம்பு என்று நாம் வழக்கில் சொன்னாலும் அது நரம்பன்று. இருதயத்திற்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை என்னும் குழாய். ஒரு நிமிடத்தில் இவ்வளவு வேறுபாடு என்றால், ஒரு மணி நேரம் தொங்கிய கை எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் செய்து காட்டலாம்; அறிவியல் பாடத்திற்கு உதவும்.

என்ன செய்ய வேண்டும்?

நடையை நிறுத்த வேண்டியதில்லை. நடக்கும் முறையைச் சற்று மாற்றிக்கொண்டால் போதும். கையை நேராகத் தொங்கவிடாமல் முழங்கையை மடக்கி வீசுங்கள். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, விரல்களைப் பத்துத் தடவை இறுக மூடித் திறங்கள். கெண்டைக்கால் தானே செய்துகொள்ளும் வேலையைக் கைக்காக நாம் செய்கிறோம், அவ்வளவுதான். சாலையில் பிறர் பார்த்துச் சிரிப்பார்களே என்று கூச்சப்படுவோர் ஒரு கைத்தடியை எடுத்துச் செல்லலாம். தடியைப் பிடிப்பதும் ஊன்றுவதும் கைத்தசைக்கு வேலை கொடுக்கும். தோட்டத்து நாய்களுக்கும் அது பயன்படும்.

இறுக்கமான கைக்கடிகாரம், மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிய கயிறு, தோளை அழுத்தும் பை வார் ஆகியவை இரத்தம் திரும்பும் வழியைத் தடுக்கும். தளர்த்திவிடுங்கள். உணவில் உப்பு மிகுந்தாலும் உடல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கருவாடும், கீச்சாப்பும், பாக்கெட் மீயும் ஒரே நாளில் சேர்ந்துவிட்டால் மறுநாள் விரல் அதைச் சொல்லும்.

புதிதாக வெயிலில் உழைக்கத் தொடங்குவோருக்கும், குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பமான இடத்திற்கு வந்தோருக்கும் முதல் சில நாட்களில் கையும் காலும் வீங்குவதுண்டு. உடல் வெப்பத்திற்குப் பழகப் பழக இது தானே குறையும். விடுதியில் தங்கி, குளிரூட்டிய அறையில் படித்துவிட்டு விடுமுறைக்குத் தோட்டத்திற்கு வரும் பிள்ளைகளிடம்கூட இதைக் காணலாம்.

சிலர் மருந்துக் கடையில் ‘நீர் மாத்திரை’ வாங்கி விழுங்குகிறார்கள், அல்லது அடுத்த வீட்டுத் தாத்தாவுக்கு இருதய நோய்க்காகக் கொடுத்த மாத்திரையில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். இதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அந்த மாத்திரை கையிலுள்ள நீரை மட்டும் பார்த்து எடுப்பதில்லை. உடல் முழுவதிலும் உள்ள நீரையும் உப்பையும் சிறுநீரில் வெளியேற்றுகிறது. ஏற்கெனவே வியர்வையில் நீரை இழந்தவருக்கு இரத்த அழுத்தம் தாழ்ந்து, கண் இருண்டு, விழ நேரிடும். வெப்பத்தால் வரும் கைவீக்கத்திற்கு அது மருந்தும் அன்று. பார்லி நீரும் கொள்ளுக் கஞ்சியும் குடிப்பதில் தீங்கில்லை, அவை உணவு. வீக்கம் வடிந்ததற்கு அவைதாம் காரணம் என்று மட்டும் எண்ண வேண்டாம். அவற்றைக் குடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தோமே, அந்த ஓய்வுதான் காரணம்.

மோதிரத்தைப் பற்றி

இக்கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமானால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, இரத்தம் உடலைச் சுற்றி ஓடுகிறது என்பதை விளக்கும் நூலை 1628-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதில் அவர் காட்டிய சோதனைகளுள் ஒன்று கையைத் துணியால் கட்டிப் பார்ப்பது. மிக இறுக்கிக் கட்டினால் கீழே உள்ள கை வெளுத்துக் குளிர்ந்தது. இரத்தம் உள்ளே போகவில்லை. கட்டைச் சற்றுத் தளர்த்தினால் கை சிவந்து வீங்கியது. உள்ளே வரும் குழாய்கள் ஆழத்தில் இருப்பதால் திறந்துகொண்டன. வெளியே போகும் சிரைகள் மேலே இருப்பதால் இன்னும் அடைபட்டிருந்தன. வரவு உண்டு, செலவு இல்லை.

இறுகிய மோதிரம் விரலுக்குச் செய்வது இதே வேலை. முதலில் விரல் சிறிதளவே தடிக்கிறது. மோதிரம் இறுகுகிறது. அதனால் இரத்தம் திரும்ப முடியாமல் விரல் இன்னும் தடிக்கிறது. அதனால் மோதிரம் இன்னும் இறுகுகிறது. ஒன்றை ஒன்று வளர்க்கும் இந்தச் சுழல் முற்றினால், உள்ளே வரும் இரத்தமும் நின்றுவிடும். விரல் நீலம் பாய்ந்து, பிறகு உணர்ச்சியற்றுப் போகும். அந்த நிலையில் மணிக்கணக்கில் விட்டால் விரலையே இழக்க நேரிடலாம்.

ஆகவே நடக்கப் போகுமுன்பும், வேலைக்காட்டிற்குப் போகுமுன்பும் மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். கணவன் போட்ட மோதிரத்தைக் கழற்றலாமா என்று தாய்மார்கள் தயங்குவது இயல்பே. கழற்றி வைப்பது மரியாதைக் குறைவு ஆகாது. பின்னர் வெட்டி எடுக்கும் நிலை வந்தால்தான் மனம் வருந்தும். ஆண்களும் ராசிக்கல் மோதிரத்தை இவ்வாறே வைத்துவிட்டுப் போவது நலம். உளி பிடிக்கும் கைக்கும், இயந்திரம் தொடும் கைக்கும் மோதிரம் வேறு வகையிலும் ஆபத்தானது.

கழற்ற மறந்து, மோதிரம் சிக்கிக்கொண்டால் பதறி இழுக்காதீர்கள். இழுக்க இழுக்கத் தோல் உரிந்து மேலும் வீங்கும். கையைத் தலைக்குமேல் ஐந்து பத்து நிமிடம் உயர்த்தி வைத்திருங்கள். குளிர்ந்த நீரில் நனைத்து மீண்டும் உயர்த்துங்கள். பிறகு சவர்க்காரமோ தேங்காய் எண்ணெயோ தடவி, மோதிரத்தை மெல்லச் சுழற்றிச் சுழற்றி முன்னோக்கி நகர்த்துங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் நூல் உதவும். வழுவழுப்பான, உறுதியான நூலை இரண்டு மூன்றடி நீளத்திற்கு எடுங்கள். அதன் ஒரு முனையை மோதிரத்திற்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நீண்ட பகுதியை, மோதிரத்தை ஒட்டித் தொடங்கி விரல் நுனியை நோக்கி, இடைவெளியின்றி நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போங்கள். விரலின் நடுமுட்டியைக் கடந்து சுற்ற வேண்டும். இதனால் வீங்கிய சதை அமுங்குகிறது. இப்பொழுது உள்ளங்கைப் பக்கம் விட்டிருந்த குட்டை முனையைப் பிடித்து, விரல் நுனியின் திசையில் இழுத்துச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து வாருங்கள். அவிழும் ஒவ்வொரு சுற்றும் மோதிரத்தை ஒரு நூலளவு முன்னே தள்ளும். இதைத் தாமதமின்றிச் செய்து முடிக்க வேண்டும். நூலைச் சுற்றியபடியே விட்டுவிடக் கூடாது. விரலில் காயமோ எலும்பு முறிவோ இருந்தால் இந்த முறை வேண்டாம்.

விரல் நீலமாகவோ வெள்ளையாகவோ மாறினால், மரத்துப் போனால், வலி தாங்க முடியாததாக இருந்தால், வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மோதிரத்தை வெட்டும் கருவி அங்கே உண்டு. நம் நாட்டுத் தீயணைப்பு மீட்புப் படையினர், ‘பொம்பா’ என்று நாம் அழைக்கும் அவர்களும், இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள். வெட்டிய மோதிரத்தைப் பத்தர் ஒட்டித் தந்துவிடுவார்.

தண்ணீர்: குறைவும் ஆபத்து, மிகையும் ஆபத்து

வீங்கிய கையைக் கண்டு தண்ணீரைக் குறைப்பது தவறு என்றோம். கையில் நீர் கசிந்திருப்பதால் உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று பொருளாகாது. கை தடித்திருக்கும் அதே நேரத்தில் உடல் வறண்டிருக்கவும் கூடும். நம் நாட்டின் ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் மேன்மேலும் வியர்வையை வெளிவிடுகிறது. கடும் உழைப்பில் மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் வியர்வையாகப் போய்விடலாம்.

அதற்காக அளவின்றிக் குடிப்பதும் கேடு. 2002-ஆம் ஆண்டு அமெரிக்காவின் போஸ்டன் நகரில் நடந்த நெடுந்தொலைவு ஓட்டத்தில் ஓடிய 488 பேரின் இரத்தத்தை ஆய்ந்து, அதன் முடிவை 2005-இல் வெளியிட்டார்கள். அவர்களுள் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் உப்புச் சத்து இயல்பை விடத் தாழ்ந்திருந்தது. வியர்த்து ஓடியவர்கள் எடை குறைந்தல்லவா வந்திருக்க வேண்டும்? இவர்களுள் பலர் தொடங்கியபோது இருந்ததைவிட எடை கூடி வந்திருந்தனர். வழிநெடுகக் கிடைத்த நீரையெல்லாம் அருந்தியதால் வந்த வினை. 3 லிட்டருக்கு மேல் குடித்தவர்களிடமும், 4 மணி நேரத்திற்கு மேல் மெதுவாக ஓடியவர்களிடமும் இது மிகுதியாகக் காணப்பட்டது. அதே ஓட்டத்தில் 28 வயதுப் பெண் ஒருவர் இந்தக் காரணத்தால் உயிரிழந்தார்.

போஸ்டன் ஓட்டத்திற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நினைக்க வேண்டாம். தைப்பூசத்தின்போது கோலாலம்பூர் மாரியம்மன் கோவிலிலிருந்து பத்துமலை வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தேரோடு நடந்து செல்கிறோம். மெதுவான நடை, பல மணி நேரம், வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல். விரதம் இருந்த உடம்பு வேறு. கை தொங்கவிட்டு நடப்போருக்கு விரல் தடிப்பது அங்கே சாதாரணம். பாற்குடம் ஏந்திச் செல்லும் ஒருவரின் இரு கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், உயர்த்திக் குடத்தைப் பிடித்த கையைவிடத் தொங்கிய கையே மிகுதியாகத் தடித்திருக்கும். இந்த வீக்கத்தால் தீங்கில்லை. ஆனால் கைவீக்கத்தோடு தலைவலி, குமட்டல், வாந்தி, பேச்சுத் தடுமாற்றம், மனக்குழப்பம் ஆகியவையும் சேர்ந்து, அவர் நிறையத் தண்ணீர் குடித்தவராகவும் இருந்தால், அது உப்புக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். அவருக்கு மேலும் தண்ணீர் புகட்டக் கூடாது. உடனே மருத்துவ உதவிக் கூடாரத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும். அருகில் இல்லையேல் 999-ஐ அழைக்க வேண்டும். வலிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அப்படியானால் எவ்வளவுதான் குடிப்பது? அரைமணி நேர மாலை நடைக்குத் தாகம் காட்டும் வழியே போதும். நாள் முழுதும் வெயிலில் வேலை செய்வோர் இருபது நிமிடத்திற்கு ஒரு குவளை என்று சிறுகச் சிறுகக் குடிக்கலாம். எவ்வளவு வியர்த்தாலும் ஒரு மணி நேரத்தில் 1.4 லிட்டரைத் தாண்ட வேண்டாம். நீண்ட நடையின்போது தண்ணீரோடு உப்பிட்ட மோரும் சேர்த்துக்கொள்வது நல்லது. நம் பெரியவர்கள் பந்தலில் வெறும் நீரோடு நீர்மோரும் வைத்ததில் அறிவு இருக்கிறது. இருதய நோயாளரும் சிறுநீரக நோயாளரும் மட்டும் இந்த அளவைப் பின்பற்றாமல், தங்கள் மருத்துவர் வரையறுத்த அளவையே கொள்ள வேண்டும்.

எப்பொழுது அஞ்ச வேண்டும்?

இதுவரை சொன்னது இரு கைகளும் ஒருசேர வீங்கி, ஓய்வில் வடியும் வீக்கத்தைப் பற்றி. ஒரு கை மட்டும் வீங்கினால் கதை வேறு. முள் குத்தி, உளி பட்டு, சீழ் வைத்த புண்ணிலிருந்து சிவப்பும் சூடும் மேலேறினால் அது கிருமித் தொற்று. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது ஓரிரவில் முற்றக்கூடும். அன்றே மருத்துவரைக் காண வேண்டும். குளவி கொட்டினாலும் உடனே மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும். முகமும் உதடும் வீங்கி மூச்சுத் திணறினால் அது உயிருக்கு ஆபத்து. பாம்புக் கடியிலும் அவ்வாறே. குறிப்பாகக் கெடா, பெர்லிஸ் போன்ற வட மாநிலங்களின் ரப்பர்த் தோட்டங்களில் காணப்படும் மலாயக் குழிவிரியனின் கடி, கையைப் பெரிதும் வீங்கச் செய்யும். கயிறு கட்டுவதோ கீறிவிடுவதோ கூடாது. அணிகளைக் கழற்றி, கையை அசைக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கர்ப்பிணிப் பெண்கள் இதைத் தனியே கவனிக்க வேண்டும். மாலையில் கால் சிறிது வீங்குவது கர்ப்பக் காலத்தில் இயல்பு. ஆனால் ஐந்து மாதத்திற்குப் பின் கையும் முகமும் திடீரென வீங்கி, விடாத தலைவலியும், கண்ணில் பூச்சி பறப்பது போன்ற மங்கலும், மேல்வயிற்றில் வலியும் இருந்தால், அது இரத்தக் கொதிப்பினால் வரும் கொடிய நிலை. தாயையும் சேயையும் ஒருங்கே தாக்கும். “நடந்ததால் வீங்கியது” என்று மாமியாரோ கணவரோ சமாதானம் சொல்லக் கூடாது. மறுநாள் பரிசோதனை இருக்கிறதே என்றும் காத்திருக்கக் கூடாது. இளஞ்சிவப்பு நிறப் பரிசோதனைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த நேரமே புறப்பட வேண்டும்.

காலையில் எழும்போதே முகமும் கண்ணிமையும் வீங்கியிருத்தல், கால் எலும்பின்மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தினால் குழி விழுந்து நிற்றல், சிறுநீர் நுரைத்துப் போதல், படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவை நடையால் வருவன அல்ல. சிறுநீரகம், இருதயம், ஈரல் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லும் அறிகுறிகள். இரவில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்து, கையை உதறியபடி எழுந்திருப்போருக்கு மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். பல ஆண்டு உளி பிடித்தவர்களும், புல்வெட்டும் இயந்திரத்தின் அதிர்ச்சியில் உழைப்போரும் இதை அலட்சியம் செய்யலாகாது.

சில மருந்துகளாலும் வீக்கம் வரும். இரத்தக் கொதிப்பிற்குத் தரும் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்கச் செய்யும். அதற்காகத் தாமே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கும் வலிநிவாரண மாத்திரைகள் பல, நீரைத் தேக்குவதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கும். பதிவு செய்யப்படாத ‘பாரம்பரிய’ மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துள்ளனர். வலி மாயமாய்ப் பறக்கும். முகம் நிலா போல் உப்பும். பொட்டலத்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத மருந்தை வாங்காதீர்கள்.

இனி, நம் அம்மையாரிடம் திரும்புவோம். அவர் நடையை நிறுத்த வேண்டியதில்லை. ஆயினும் அண்டை வீட்டுக்காரரின் ஐயத்தை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. நீரிழிவு உள்ளவர்களின் சிறுநீரகம் ஓசையின்றிக் கெடக்கூடியது. கை வீங்குகிறதா இல்லையா என்று பார்த்து அதை அறிய இயலாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீரில் புரதமும், இரத்தத்தில் கிரியாட்டினின் அளவும் பார்க்க வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இச்சோதனைகள் செய்யப்படுகின்றன. அங்கே செல்லும்போது, வீக்கம் எந்த நேரத்தில் தொடங்குகிறது, இரு கையிலுமா ஒரு கையிலா, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பதை ஒரு வாரம் குறித்து வைத்து எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் சாப்பிடும் மாத்திரைகள் யாவற்றையும், கடையில் வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசைமேல் வையுங்கள். கடைசியாக எப்பொழுது சிறுநீர் சோதித்தார்கள் என்பதையும் தாதியிடம் கேட்டுப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.